ஆதரவற்றோரும் ஆதரிப்போரும்: தமிழகத்தில் முதியோர் பராமரிப்பு முடிவுகளுக்கான துணைகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தளர்ந்த பெற்றோரை எங்கே வைத்து, யார், எவ்வாறு பேணுவது என்னும் முடிவைத் தமிழகக் குடும்பங்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே எடுத்து வந்துள்ளன. அம்முடிவுக்குத் துணைநிற்கக்கூடிய நிதி, சட்ட, மருத்துவ, நிறுவன வளங்கள் எவ்வாறு உருவாயின என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. பஞ்சகால நிவாரண விதிகள் தொடங்கி முதியோர் ஓய்வூதியம் வரை அரசின் கண்ணுக்குப் புலப்பட்டவர் 'ஆதரவற்ற' முதியவரே. சட்டத்தின் கண்ணுக்குப் புலப்பட்டவர்கள், கைவிட்ட பிள்ளைகளும் கைவிடப்பட்ட பெற்றோரும் ஆவர். கைவிடாமல் பேணிக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று அறியாது நிற்கும் குடும்பம் இவ்விரு பார்வைகளிலும் நெடுங்காலம் இடம்பெறவில்லை. அக்குடும்பத்தை முதலில் கண்டுகொண்டவை முதியோர் மருத்துவமும் மறதி நோய் ஆய்வுகளுமே என்பதும், வளங்கள் பெருகிய பின்னரும் அவற்றை இணைத்துக் காட்டும் வழிகாட்டல் வளரவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: முதியோர் பராமரிப்பு, ஆதரவற்றோர், முதியோர் ஓய்வூதியம், முதியோர் மருத்துவம், பராமரிப்புச் சட்டம் 2007, குடும்பப் பராமரிப்பாளர்.

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். மொத்த மக்கள்தொகையில் இது 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் இவ்விகிதம் 10.4 விழுக்காடாக இருந்தது. கேரளத்துக்கு அடுத்த நிலையில், முதியோர் மிகுந்த பெரிய மாநிலங்களுள் ஒன்றாகத் தமிழ்நாடு அப்போதே விளங்கியது. தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் தொழில்நுட்பக் குழு வகுத்த கணிப்பின்படி தமிழ்நாட்டில் இவ்விகிதம் 2021இல் 13.6 ஆகவும், 2031இல் 18.2 ஆகவும் உயரும். குழந்தைப் பேறு குறைந்ததும் ஆயுள் நீண்டதும் இம்மாற்றத்தின் காரணங்களாம். நான்கைந்து உடன்பிறந்தார் பகிர்ந்துகொண்ட பொறுப்பை இன்று ஒருவரோ இருவரோ ஏற்கும் நிலை உருவாகியுள்ளது.

இந்நிலையில் முதியோர் பராமரிப்பு என்பது அன்பு, கடமை ஆகியவற்றைச் சார்ந்த அறச்சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்த தாயை மருத்துவமனையிலிருந்து எங்கே அழைத்துச் செல்வது, இரவில் வீட்டை விட்டு வெளியேறும் தந்தையை எவ்வாறு காப்பது, வேலையை விடுவது யார், செலவை ஏற்பது யார் என்பன போன்ற வினாக்களுக்குச் சில நாட்களுக்குள் விடைகாண வேண்டிய கட்டாயம் குடும்பத்துக்கு நேர்கிறது. அதற்கு வேண்டியது அறிவுரையன்று. எங்கே என்ன உதவி கிடைக்கும் என்னும் தகவலும், அதனை எடைபோட்டுப் பார்க்கத் துணைபுரியும் ஒருவருமே. இத்தகைய துணை தமிழகச் சூழலில் எப்போது, எவ்வடிவில் தோன்றியது, ஏன் தாமதமாகத் தோன்றியது என்பனவே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்களாகும்.

இலக்கியச் சான்றுகளில் முதுமையும் சுற்றமும்

பழந்தமிழர் வாழ்வில் முதியோர் பேணல் முழுவதும் பிள்ளைகளின் கடமையாகவே இருந்தது என்னும் கருத்து பொதுவாக வழங்குகிறது. இலக்கியச் சான்றுகள் இன்னும் விரிவான சித்திரத்தைத் தருகின்றன. தொல்காப்பியக் கற்பியல், இல்லறத்தின் இறுதிக் கட்டத்தைத் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடி அறம் புரியும் பருவமாகக் காண்கிறது. முதுமை அங்கே தனிமையின் பெயரன்று.

புறநானூற்றின் 191ஆம் பாடலில், ஆண்டுகள் பல சென்றும் நரை தோன்றாமைக்குப் பிசிராந்தையார் காரணங்கள் கூறுகிறார். மனைவியும் மக்களும் மட்டுமன்றி ஏவலர், அரசன், ஊரில் வாழும் சான்றோர் ஆகியோரும் அக்காரணங்களுள் அடங்குவர். நல்ல முதுமைக்குக் குடும்பம், பணியாளர், ஆட்சி, ஊர் ஆகிய நான்கும் வேண்டும் என்னும் புரிதல் இப்பாடலில் உறைந்துள்ளது. இதற்கு மாறாக, 243ஆம் பாடலைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார், கோலூன்றி இருமி நிற்கும் முதுமையிலிருந்து இளமையை நோக்கி இரங்குகிறார். புலவரின் பெயரே ஊன்றுகோலால் அமைந்தது. உடல் தளர்ச்சியின் துன்பத்தைச் சங்கச் சமூகம் மறைக்கவில்லை என்பதற்கு இப்பாடல் சான்று.

திருக்குறளின் 133 அதிகாரங்களுள் முதிய பெற்றோரைப் பேணுதலுக்கெனத் தனி அதிகாரம் இல்லை. இல்வாழ்வான் ஓம்ப வேண்டியவர்களாக வள்ளுவர் எண்ணும் ஐவகையில் சுற்றமும் அடங்கும். மக்கட்பேறு அதிகாரம் தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான கைம்மாற்றைப் பேசுகிறது. முதியோர் பேணல் தனித்துச் சொல்லப்படாமைக்குப் புறக்கணிப்பு காரணமாகத் தோன்றவில்லை. இல்வாழ்க்கை என்னும் ஏற்பாட்டுக்குள்ளேயே அது அடங்கிவிட்டது எனக் கொள்வதே பொருந்தும். தனித்துச் சொல்ல வேண்டாத அளவு இயல்பானதாகக் கருதப்பட்ட ஒன்று, தனித்த உதவியும் வேண்டாததாகப் பின்னாளில் கருதப்பட்டது. அறம் சார்ந்த இவ்வெண்ணம் நிர்வாக விதியாக மாறியது காலனிய காலத்திலேயாம்.

பஞ்ச நிவாரணமும் 'ஆதரவற்றோர்' என்னும் வகைப்பாடும்

சென்னையில் 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கப்பட்ட மணியக்காரர் சத்திரம், இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிறுவனம். அதனையொட்டி 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் தொடங்கிய மருத்துவமனையே பின்னர் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று மக்கள் வழங்கிய பெயர், உணவும் மருத்துவமும் ஒரே வாயிலில் கிடைத்த அக்காலத்தின் நினைவைத் தாங்கியுள்ளது. நலிந்தோர், நோயுற்றோர், முதியோர் என்னும் பாகுபாடு அங்கே கூர்மையாக இல்லை. வருபவர் உறவற்றவர் அல்லது உறவால் காக்க இயலாதவர் என்பதே நுழைவுத் தகுதியாக இருந்தது.

1876–78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தின் பின், 1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையத்தின் பரிந்துரைகளை அடியொற்றிப் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. உடலுழைப்புக்கு இயன்றோர் நிவாரணப் பணிகளில் உழைத்துக் கூலி பெற வேண்டும். வேலையின்றி இலவச உதவி பெறுவோருள், முதுமையாலும் உடற்குறையாலும் உழைக்க இயலாதவரும், தம்மைக் காக்கவல்ல உறவினர் இல்லாதவரும் ஆனோர் அடங்கினர். உதவி பெறுவதற்கு இங்கே இரண்டு சோதனைகள் இருந்தன. ஒன்று உடலைப் பற்றியது. மற்றொன்று உறவைப் பற்றியது.

இரண்டாவது சோதனை நீண்ட விளைவுகளை உடையது. உறவினர் உளர் என்றால் அரசின் உதவி வேண்டியதில்லை என்னும் அனுமானம் அதில் அடங்கியுள்ளது. உறவினர் உளராயினும் அவர்களால் இயலுமா, எவ்வளவு காலம் இயலும், அவர்களுக்கு என்ன துணை வேண்டும் என்னும் வினாக்கள் எழவே இல்லை. குடும்பமும் அரசும் ஒன்றுக்கொன்று மாற்று என்னும் கொள்கை இவ்வாறு நிலைபெற்றது. ஒன்றுக்கொன்று துணை என்னும் எண்ணம் பிறக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

அரசுக்குப் புறத்தே சமய நிறுவனங்களின் முதியோர் இல்லங்களும் தோன்றின. 1839இல் பிரான்சில் ஜான் ஜுகான் தொடங்கிய ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை 1882இல் கல்கத்தாவுக்கு வந்தது. தென்னகத்தில் பின்னர் எழுந்த இல்லங்களும் பெரும்பாலும் யாருமற்ற முதியோருக்காகவே அமைந்தன. இதனால் 'முதியோர் இல்லம்' என்னும் சொல் கைவிடப்பட்டோரின் இடம் என்னும் பொருளைத் தமிழ் மனத்தில் பெற்றது. அவ்வில்லத்தைப் பற்றி விசாரிப்பதே பெற்றோரைக் கைவிடுவதன் முதற்படி என்று கருதப்பட்டது. தகவல் தேடுவதற்கே நாணும் நிலை இவ்வரலாற்றின் எச்சமாகும்.

ஓய்வூதியம்: 1962 முதல்

இந்திய அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பு, அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு முதுமையில் பொது உதவி பெறும் உரிமைக்கு ஏற்பாடு செய்யப் பணிக்கிறது. இதனை நடைமுறைப்படுத்தும் வகையில் உத்தரப் பிரதேசம் 1957இல் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. சென்னை மாநிலத்தில் இத்திட்டம் 1962 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மாதம் 20 ரூபாய் வழங்கப்பட்டது. பின்னர் ஆதரவற்ற மாற்றுத்திறனாளிகள் (1974), ஆதரவற்ற விதவைகள் (1975), ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்கள் (1981), ஆதரவற்ற கைவிடப்பட்ட மனைவியர் (1986) ஆகியோருக்கு இது விரிவுபடுத்தப்பட்டது. பயனாளிகளின் வட்டம் விரிந்தபோதும் 'ஆதரவற்ற' என்னும் அடைமொழி எல்லா வகைகளிலும் தொடர்ந்தது.

1995 ஆகஸ்டு 15 அன்று மைய அரசு தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கியது. 65 வயதைக் கடந்தோர்க்கு மாதம் 75 ரூபாய் மைய அரசின் பங்காக வழங்கப்பட்டது. விண்ணப்பிப்பவர் தம் சொந்த வருவாயாலோ குடும்பத்தினர் உதவியாலோ வாழ வழியற்றவராக இருத்தல் வேண்டும் என்பது விதி. பஞ்ச விதித்தொகுப்பின் இரண்டாவது சோதனை இங்கே மீண்டும் வருகிறது. 2007இல் இத்திட்டம் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டமாக மாற்றப்பட்டபோதுதான் ஆதரவின்மைக்கு மாற்றாக வறுமைக்கோடு அளவுகோலாயிற்று. 2011இல் வயது வரம்பு 60ஆகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாடு தன் பங்கைச் சேர்த்து வழங்கும் தொகை 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது.

ஓய்வூதியம் முதியவரின் கையில் சிறு தொகையையும் அதனால் வரும் மதிப்பையும் தந்தது. வீட்டில் பேரப்பிள்ளைக்குத் தின்பண்டம் வாங்கித்தர முடிவதும் ஒரு தன்னுரிமையே. எனினும் அது வருவாய் உதவி, பராமரிப்பு உதவியன்று. படுக்கையில் கிடக்கும் ஒருவரைத் தூக்கி உட்காரவைக்கும் கைகளுக்கு அத்திட்டத்தில் இடமில்லை. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம் ஆகியவை ஓய்வூதிய விண்ணப்பத்துக்கான வாயில்களாக மக்களுக்கு நன்கு தெரிந்தன. பராமரிப்பு குறித்த பிற வினாக்களுக்கு அத்தகைய வாயில் எதுவும் உருவாகவில்லை.

சட்டம் வரையறுத்த கடமை

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே ஜீவனாம்சம் கோரும் உரிமையைத் தந்தது. பெற்றோர் அதில் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து சுவீகாரம் மற்றும் ஜீவனாம்சச் சட்டம், முதிய அல்லது நலிந்த பெற்றோரைப் பேணும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் விதித்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, தம்மைத் தாமே பேண இயலாத தாய் தந்தையரை எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான வழிமுறைக்குள் கொண்டுவந்தது. பிரிவின் வாசகம் ஆண்பாற் சுட்டில் அமைந்தமையால் மகளுக்கு அக்கடமை உண்டா என்னும் ஐயம் எழுந்தது. திருமணமான மகளும் பெற்றோரைப் பேணக் கடமைப்பட்டவளே என 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இத்தீர்ப்போடு சேர்த்துக் காண வேண்டிய மற்றொரு மாற்றம் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு செய்த திருத்தம், 1989 மார்ச் 25 முதல் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமையைத் தந்தது. அந்நாளுக்கு முன் திருமணமான மகளிர் இதன் பயனைப் பெறவில்லை. கடமை தெளிவுபட்ட ஆண்டு 1987. உரிமை கிடைத்த ஆண்டு 1989. முதியோரை யார் பேணுவது என்னும் குடும்பப் பேச்சில் மகள் ஒரு தரப்பாக அமரும் நிலையை இவ்விரு மாற்றங்களும் உருவாக்கின. ஆயினும் இச்சட்டங்கள் அனைத்தும் கடமை தவறிய பின்னரே செயல்படுவன. பேச்சு முறிந்த பின் செல்லும் இடம் நீதிமன்றம். பேச்சு நடக்கும்போதே துணைசெய்யும் இடத்தைச் சட்டம் அமைக்கவில்லை.

1978: மருத்துவமும் இல்லமும்

தமிழகத்தின் முதியோர் நல வரலாற்றில் 1978 ஒரு திருப்புமுனை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான தனிப் புறநோயாளர் பிரிவு அவ்வாண்டில் தொடங்கியது. மருத்துவர் வ. செ. நடராசன் முன்னின்று உருவாக்கிய இப்பிரிவு இந்தியாவில் இத்துறையின் முன்னோடி. பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பும் ஏற்பட்டது. அதே 1978இல் சாவித்திரி வைத்தி சென்னையில் ஆதரவற்ற முதிய பெண்களுக்காக விச்ராந்தி இல்லத்தைத் தொடங்கினார். தேசிய அளவில் ஹெல்ப்பேஜ் இந்தியா நிறுவப்பட்டதும் அவ்வாண்டிலேயாம்.

இம்மூன்றனுள் முதியோர் மருத்துவம் கொண்டுவந்த மாற்றம் குடும்பத்தின் முடிவெடுத்தலோடு நேரடித் தொடர்புடையது. நோயின் பெயரைக் கேட்பதோடு நில்லாமல், முதியவர் அன்றாடம் எவற்றைத் தாமே செய்கிறார் என்று கேட்பது அம்மருத்துவத்தின் இயல்பு. 1963இல் சிட்னி காட்ஸும் அவர் குழுவினரும் வெளியிட்ட அளவுகோல் குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், படுக்கையிலிருந்து எழுந்து இடம்மாறல், சிறுநீர் மல அடக்கம், உண்ணல் ஆகிய ஆறு செயல்களைக் கணக்கில் கொள்கிறது. 'அப்பாவை வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா' என்னும் பெரிய வினா இதனால் ஆறு சிறு வினாக்களாகப் பிரிகிறது. எழுந்து நடக்க மட்டும் துணை வேண்டுவோர்க்குக் கைப்பிடியும் ஊன்றுகோலும் போதியதாகலாம். அடக்கம் இழந்தோர்க்குப் பகல் இரவு இரு வேளையும் ஆள் தேவை. இவ்வேறுபாடு தெளிந்தால், உடன்பிறந்தாரிடையே எழும் பூசலின் ஒரு பகுதி பொறுப்புப் பங்கீடாக மாறும். மருத்துவமனை தந்த முதல் வழிகாட்டல் இதுவே எனலாம்.

1999 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட தேசிய முதியோர் கொள்கை, குடும்பத்தையே பராமரிப்பின் மையமாக ஏற்று, முதியோர் இல்லத்தை இறுதி வழியாகக் கருதியது. 2010–11இல் தொடங்கிய தேசிய முதியோர் நல மருத்துவத் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளில் 10 படுக்கைகள் கொண்ட முதியோர் பிரிவுகளை ஏற்படுத்த வகைசெய்தது. சென்னை மருத்துவக் கல்லூரி அதன் எட்டு வட்டார மையங்களுள் ஒன்றாயிற்று. சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

மறதி நோயும் பராமரிப்பாளரைக் கண்டறிதலும்

குடும்பப் பராமரிப்பாளரை ஆய்வுப் பொருளாக்கிய துறை மறதி நோய் எனப்படும் டிமென்ஷியா பற்றிய ஆய்வுகளே. இந்நோயில் நோயுற்றவர் தம் தேவையைத் தாமே சொல்லும் ஆற்றலை இழக்கிறார். ஆகவே மருத்துவர் பராமரிப்பவரிடம் கேட்டே அறிய வேண்டியுள்ளது. இந்திய அல்சைமர் சங்கம் 1992இல் கேரளத்தில் தொடங்கியது. 1998இல் கொச்சியில் உருவான 10/66 ஆய்வுக்குழுவின் பெயரே ஒரு முறையீடு. மறதி நோயாளருள் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 விழுக்காட்டினர், வளரும் நாடுகளில் வாழ்கின்றனர். அவர்களைக் குறித்து நிகழும் ஆய்வுகளோ 10 விழுக்காட்டுக்கும் குறைவு. சென்னையும் வேலூரும் இக்குழுவின் ஆய்வுக் களங்களாக விளங்கின.

இந்த ஆய்வு மரபைச் சார்ந்து கோவாவில் நிகழ்ந்து, 2008இல் வெளியான ஆய்வு தனிக் கவனத்துக்குரியது. 81 குடும்பங்கள் அதில் பங்குபெற்றன. உள்ளூரைச் சேர்ந்த, சிறப்பு மருத்துவப் பட்டம் எதுவும் பெறாத வீட்டுப் பராமரிப்பு ஆலோசகர்கள் பயிற்சி பெற்று வீடுகளுக்குச் சென்றனர். நோயைப் பற்றி விளக்கினர். நடத்தை மாற்றங்களைக் கையாளும் முறையைக் கற்பித்தனர். அரசின் உதவித் திட்டங்களைப் பெறவும் வழிகாட்டினர். நோயாளரின் நிலையில் உறுதியான முன்னேற்றம் நிறுவப்படவில்லை. பராமரிப்பவரின் மனநலம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. ஆற்ற இயலாத நோயிலும் ஆற்றத்தக்க துன்பம் ஒன்று உண்டு என்பதையும், அது பராமரிப்பவரின் துன்பம் என்பதையும் இந்த ஆய்வு நிறுவியது. வழிகாட்டல் ஓர் உபசாரமன்று; அதுவே ஒரு சிகிச்சை என்பதற்கு இது சான்றாகும்.

2007ஆம் ஆண்டுச் சட்டமும் விடுபட்டோரும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007 டிசம்பரில் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டுக்கான விதிகள் 2009இல் வந்தன. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் அமைந்தது. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு அது ஆணையிடலாம். இடைக்காலப் பராமரிப்புத் தொகை கோரும் விண்ணப்பத்தை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பதும், சிறப்புச் சூழலில் மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம் என்பதும் விதி. பேணுவார் என்னும் நிபந்தனையுடன் எழுதித் தந்த சொத்தைப் பெற்றவர் பேணாவிடில், அந்தக் கைமாற்றத்தைச் செல்லாதென அறிவிக்க 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. முதியவரைக் கைவிடுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். விசாரணைக்கு முன் விண்ணப்பத்தைச் சமரச அலுவலரிடம் அனுப்பும் வாய்ப்பும் உண்டு.

23ஆம் பிரிவின் வரலாறு, தகவலின் இன்றியமையாமையைக் காட்டும் தக்க எடுத்துக்காட்டு. பராமரிப்பு நிபந்தனை ஆவணத்தின்வழி நிறுவப்படாவிடில் இப்பிரிவு பயன்படாது என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பில், இச்சட்டம் முதியோரின் நலனுக்கானது ஆகலின் தாராளமாகப் பொருள்கொள்ளப்பட வேண்டும் என அந்நீதிமன்றமே வலியுறுத்தியது. செட்டில்மெண்ட் பத்திரம் எழுதும் நாளில் ஒரு வரியைச் சேர்க்கும் அறிவுரை கிடைத்திருந்தால் வழக்கே எழாத குடும்பங்கள் பல. அவ்வறிவுரையைப் பத்திரப் பதிவு அலுவலக வாயிலில் ஆவண எழுத்தர் தருகிறாரா என்பதைத் தற்செயலே தீர்மானிக்கிறது.

சொத்தைப் போன்றே, முடிவெடுக்கும் ஆற்றலும் ஆவணத்தைச் சார்ந்தது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, அதிகாரம் அளித்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அவர் அளித்த பவர் பத்திரம் முடிவுறும். தாய்க்கு மறதி முற்றும் நாளில், அதாவது மிகவும் தேவைப்படும் நாளில், மகளின் கையிலுள்ள பவர் பத்திரம் பயனற்றதாகிறது. இறுதிக்கால மருத்துவம் குறித்த முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. நீதித்துறை நடுவரின் சான்றொப்பம் வேண்டும் என்னும் கடுமையான நடைமுறையை 2023 ஜனவரியில் தளர்த்தி, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்று போதுமென்றது. இவையெல்லாம் முதியவர் தெளிவோடு இருக்கும்போதே கலந்து பேசி முடிக்க வேண்டியவை. பெரும்பாலான குடும்பங்களில் அப்பேச்சு மருத்துவமனைத் தாழ்வாரத்தில், காலம் கடந்தே தொடங்குகிறது.

2007ஆம் ஆண்டுச் சட்டம் 'பிள்ளைகள்' என்பதற்குத் தரும் வரையறையில் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோர் உளர். மருமகள் இல்லை. தமிழகக் கூட்டுக்குடும்பங்களில் முதியோரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கை மாற்றும் பணி பெரிதும் மருமகளின் கைகளிலேயே விழுகிறது. 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா மருமகன், மருமகள் ஆகியோரையும் வரையறைக்குள் கொண்டுவர முயன்றது. அம்மசோதா நிறைவேறவில்லை. இங்கே நோக்கத்தக்கது, மருமகள் சட்டத்துள் நுழையவிருந்த வாயில் கடமையின் வாயில் என்பதே. அவள் உழைப்புக்கு ஓய்வு, பயிற்சி, ஊதியம் ஆகியவற்றைப் பெறும் உரிமையாளராக அவளை எந்தச் சட்டமும் பெயர் சுட்டி அழைக்கவில்லை.

உதவி எண்ணும் வீடு தேடும் மருத்துவமும்

அண்மைக் கால முயற்சிகள் இரண்டு இவ்வரலாற்றின் போக்கை மாற்றவல்லன. முதலாவது, 2021இல் நாடு முழுமைக்கும் அறிமுகமான முதியோர் உதவி எண் 14567. ஓய்வூதியம், சட்ட வழிமுறை, இல்லங்கள், கைவிடப்பட்டோர் மீட்பு ஆகியன பற்றி ஒரே எண்ணில் கேட்கும் வாய்ப்பை அது தந்தது. முதியவர் மட்டுமன்றி அவர் பொருட்டு மற்றவரும் அழைக்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டாவது, 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்'. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள், இயன்முறைச் சிகிச்சை, நோய்த்தணிப்புச் சேவை ஆகியவை இதன்வழி இல்லத்துக்கே வருகின்றன. பஞ்ச விதித்தொகுப்பு உறவினர் உளரா என்று கேட்டு உதவியை மறுத்தது. இத்திட்டமோ உறவினர் பேணும் வீட்டுக்குள்ளேயே உதவியைக் கொண்டுசெல்கிறது. நிர்வாக நோக்கில் இது ஒரு நூற்றாண்டு மாற்றம்.

எனினும் வளங்கள் துறைவாரியாகச் சிதறியுள்ளன. ஓய்வூதியமும் தீர்ப்பாயமும் வருவாய்த் துறையிடமும், முதியோர் இல்லங்கள் சமூக நலத் துறையிடமும், மருத்துவம் மக்கள் நல்வாழ்வுத் துறையிடமும், இலவச சட்ட உதவி சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமும் உள்ளன. ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் இந்நான்கும் தேவைப்படலாம். நான்கையும் சேர்த்து நோக்கி, அக்குடும்பத்துக்கு முதலில் எது, அடுத்து எது என்று சொல்லும் பொறுப்பு எவருக்கும் இல்லை. அவ்விடத்தை உறவினரின் அனுபவமும், அண்டைவீட்டாரின் பரிந்துரையும், தனியார் ஆள்சேர்ப்பு நிறுவனங்களின் விளம்பரமும் நிரப்புகின்றன. கற்றோரும் வசதியுடையோரும் இவற்றைக் கடந்து வழி காண்பர். தினக்கூலி இழந்து ஒவ்வோர் அலுவலகமாக அலைய இயலாத குடும்பத்துக்கு, இருக்கும் வளமும் இல்லாத வளமே.

முடிவுரை

தமிழகத்தில் முதியோர் பராமரிப்பின் வரலாறு, உதவிக்குரியவர் யார் என்னும் வரையறையின் வரலாறாகவும் அமைகிறது. பஞ்ச விதித்தொகுப்புகளும் ஓய்வூதியத் திட்டங்களும் உறவற்ற முதியவரைக் கண்டன. ஜீவனாம்சச் சட்டங்கள் கைவிடப்பட்ட முதியவரைக் கண்டன. இவ்விரண்டும் இன்றியமையாதவை. ஆயினும் முதியோருள் பெரும்பான்மையினர் இவ்விரு வகையிலும் அடங்காதவர், குடும்பத்தால் பேணப்படுபவர். அவர்களைப் பேணுவோர், குடும்பம் உண்டு என்னும் அதே காரணத்தால் உதவிப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டனர்.

1978க்குப் பின் முதியோர் மருத்துவமும், 1990களுக்குப் பின் மறதி நோய் ஆய்வுகளும் பேணுவோரைக் கண்டுகொண்டன. கோவா ஆய்வின் உள்ளூர் ஆலோசகர் முறையும், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் களப்பணியாளர் அமைப்பும் ஒன்றோடொன்று பொருந்தக்கூடியவை. மாத்திரையோடு வீடு தேடிவரும் பணியாளர், ஓய்வூதிய விண்ணப்பம், தீர்ப்பாயத்தின் சமரச வழி, பத்திரத்தில் சேர்க்க வேண்டிய நிபந்தனை, அருகிலுள்ள முதியோர் பிரிவு ஆகியவற்றைச் சொல்லவல்லவராகப் பயிற்சி பெற்றால், புதிய நிறுவனம் எதுவும் அமைக்காமலேயே ஒரு பெரும் இடைவெளி நிரம்பும். அதற்கு முதல் தேவை நிதியன்று. ஆதரவற்றோரைத் தேடிய அரசின் கண் ஆதரிப்போரையும் தேட வேண்டும் என்னும் கொள்கைத் தெளிவேயாம். பிசிராந்தையார் தம் நரையில்லா முதுமைக்குக் கூறிய காரணங்களுள் மனைவி மக்கள் முதலில் வருகின்றனர். அரசும் ஊரும் அவர்களை அடுத்து நிற்கின்றன. அவர்களுக்கு மாற்றாக நிற்கவில்லை.